கதை, ஸ்டிக்கர், ஒரு கடி கேரட்: ‘ஃபூட் டூட்ஸ்’ திட்டம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பழம் நல்லது, சிப்ஸை அடிக்கடி தின்னக் கூடாது என்பது இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கேட்டால் சரியாகவே சொல்லும். சொல்லி முடித்து, இடைவேளை மணி அடித்ததும் சிப்ஸ் பாக்கெட்டைத்தான் பிரிக்கும். பள்ளிகளில் உணவுக் கல்வி என்ற பெயரில் நடப்பதில் பெரும்பகுதி, பிள்ளை சொல்லும் பதிலைச் சரிசெய்வதிலேயே முடிந்துவிடுகிறது. மணி அடித்த பிறகு கை எதை எடுக்கிறது என்பதை நேராகக் குறிவைத்த முயற்சிகள் குறைவு. அவற்றில் பல நாடுகளில் பல தடவை அளந்து பார்க்கப்பட்ட ஒன்று, பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் பிறந்த ‘ஃபூட் டூட்ஸ்’. அங்கிருந்து லண்டனுக்குப் போனது, அயர்லாந்துக்குப் போனது, கடைசியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கிட்டத்தட்ட வேறொரு உருவமே எடுத்தது. போன இடமெல்லாம் ஒரே மாதிரி பலன் தரவில்லை. அதனால்தான் இது படிக்கத் தகுந்த நிகழ்வாக இருக்கிறது.

பேங்கரில் கேட்ட கேள்வி

வேல்ஸின் வடமேற்கில் உள்ள சிறிய ஊர் பேங்கர். அங்குள்ள பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் ஃபெர்கஸ் லோவும் பாலின் ஹார்னும் 1990-களில் பிள்ளைகளின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்துவந்தார்கள். இவர்கள் வந்தது சத்துணவுத் துறையிலிருந்து அல்ல. பழக்கம் எப்படி உருவாகிறது, எப்படி மாறுகிறது என்று ஆராயும் நடத்தை உளவியல் இவர்களுடைய துறை. அதனால் கேள்வியும் வேறாக இருந்தது. குழந்தைக்கு எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கேட்காமல், பிடிக்காத ஒரு காயைக் குழந்தை தானாக வாயில் போட என்ன நடக்க வேண்டும் என்று கேட்டார்கள்.

இதற்குப் பின்னால் ஓர் எளிய விஷயம் இருக்கிறது. புதிய உணவைக் கண்டு முகம் சுளிப்பது ஏறக்குறைய இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுவரை உச்சத்தில் இருக்கும். கசப்பும் துவர்ப்பும் உள்ள காய்களிடம் இது இன்னும் அதிகம். ஆனால் அதே காயைச் சிறு சிறு அளவில் பத்து, பதினைந்து முறை சுவைத்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது பழகிவிடும், பலருக்குப் பிடித்தும்விடும். வீட்டில் என்ன நடக்கிறது? மூன்று தடவை வைத்துப் பார்ப்போம், மூன்று தடவையும் தட்டில் அப்படியே மிஞ்சும், ‘இவனுக்கு இது பிடிக்காது’ என்று முடிவுகட்டிவிடுவோம். அதாவது, பழக வேண்டிய தூரத்தில் பாதியைக்கூடக் கடக்கவில்லை.

அப்படியானால் சிக்கல் அந்தப் பத்து தடவையை எப்படிக் கடப்பது என்பதுதான். வற்புறுத்தினால் வெறுப்பு கூடும். கெஞ்சினால், கெஞ்ச வைப்பது எப்படி என்று குழந்தை கற்றுக்கொள்ளும். பேங்கர் குழு மூன்று விஷயங்களைச் சேர்த்துக் கட்டியது: பின்பற்றத் தோன்றும் முன்மாதிரி, சின்னப் பரிசு, திரும்பத் திரும்பச் சுவைத்தல். இந்த மூன்றில் கடைசிதான் மருந்து என்று நான் நினைக்கிறேன். முதல் இரண்டும் அந்த மருந்தை உள்ளே இறக்கும் தேன்.

வகுப்பறையில் நடந்தது என்ன

நான்கு நாயகர்கள். சார்லி, ராஸ், டாம், ராக்கோ. இவர்கள் படம் பார்க்கும் பிள்ளைகளைவிடக் கொஞ்சம் பெரியவர்களாக, வேண்டுமென்றே அந்த வயதில் வைக்கப்பட்டவர்கள். ஆறு வயதுப் பிள்ளை டாக்டர் சொல்வதைக் கேட்காது, ஆனால் பத்து வயது அண்ணன் எதைச் செய்தாலும் தானும் செய்து பார்க்கும். எதிரிப் பக்கத்தில் ஜெனரல் ஜங்க் என்றொரு தளபதியும் ஜங்க் பங்க்ஸ் என்ற கும்பலும். உலகத்திலிருந்து பழங்களையும் காய்களையும் இல்லாமல் ஆக்கிவிட்டால் மக்களின் உயிராற்றல் வற்றிவிடும், அப்புறம் உலகம் தங்கள் கையில் என்பது அவர்கள் திட்டம். நாயகர்கள் சும்மா சண்டை போடுவதில்லை. கேரட்டையும் ப்ராக்கோலியையும் கடித்துக்கொண்டே சண்டை போடுவார்கள். கதை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. பெரியவர்கள் பார்த்தால் சிரிப்புதான் வரும்.

இந்தக் கதை ஆறு சிறு வீடியோக்களாக, ஒவ்வொன்றும் சில நிமிடங்கள் ஓடும்படி எடுக்கப்பட்டது. முதல் கட்டம் பள்ளி நாட்களில் 16 நாள். வீடியோ இல்லாத நாளில் நாயகர்களிடமிருந்து வகுப்புக்குக் கடிதம் வரும், ஆசிரியர் அதை உரக்கப் படிப்பார். நேற்று நீங்கள் செய்ததைக் கேள்விப்பட்டோம், இன்று இதைச் செய்ய வேண்டும் என்று கடிதம் பேசும். அன்றைக்கே, அதே இடத்தில், பிள்ளைகள் முன்னால் ஒரு பழமும் ஒரு காயும் வைக்கப்படும். ஆரம்ப நாட்களில் சுவைத்துப் பார்த்தாலே ஸ்டிக்கர் கிடைக்கும். பிறகு முழுப் பங்கையும் சாப்பிட்டால்தான் ஸ்டிக்கரோ பென்சில், ரப்பர் மாதிரி நாயகர்களின் சின்னம் போட்ட சின்னப் பொருளோ கிடைக்கும். முதல் கட்டம் முடிந்ததும் இரண்டாம் கட்டம், அதில் பரிசுகள் மெல்லக் குறையும். சுவரில் வகுப்பின் வரைபடம் ஏறும், சான்றிதழ் வரும், வீட்டிலிருந்து பழம் கொண்டுவரத் தனி டப்பா தரப்படும்.

கற்றல் சாதனம் என்ற கோணத்தில் இதில் கவனிக்க வேண்டியது, திரையில் ஓடுவது மட்டும் சாதனம் இல்லை என்பது. வீடியோ, கடிதம், தட்டில் இருக்கும் காய், கையில் ஒட்டும் ஸ்டிக்கர் எல்லாம் சேர்ந்தே ஒரு சாதனம். வீடியோவைப் போட்டுக் காட்டிவிட்டு, காய் அடுத்த வாரம் வரும் என்றால் பாதி வேலை போய்விடும். நம்மிடம் ‘ஊடாடும் கற்றல்’ என்றாலே விரலால் தொட்டு இழுக்கும் திரையை நினைத்துக்கொள்கிறோம். இங்கே ஊடாட்டம் நடந்தது வாய்க்கும் காய்க்கும் இடையில்.

பரிசு கொடுப்பது சரியா

இந்தத் திட்டத்தைக் கேட்டவுடன் ஆசிரியர்களும் பெற்றோரும் எழுப்பும் முதல் ஆட்சேபம் இது: லஞ்சம் கொடுத்துச் சாப்பிட வைப்பதா? பரிசு நின்றால் சாப்பிடுவதும் நின்றுவிடாதா?

சும்மா எழுந்த சந்தேகம் இல்லை இது. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் நடத்திய ஆய்வில், தாங்களாகவே விரும்பி ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைந்துகொண்டிருந்த சிறு பிள்ளைகளிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். கொடுத்தும் விட்டார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகளுக்கு வரைவதில் ஆர்வம் குறைந்திருந்தது. உணவிலும் இதே மாதிரி ஒரு முடிவு வந்தது. 1984-இல் லீன் பர்ச்சும் உடன் ஆய்வாளர்களும், கெஃபிர் என்ற புளித்த பால் பானத்தைக் குடித்தால் வெகுமதி என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தார்கள். வெகுமதிக்காகக் குடித்தவர்களுக்கு அந்தப் பானத்தின்மேல் இருந்த விருப்பம் குறைந்தது. இந்த இரண்டு ஆய்வுகளையும் படித்தவர் எவரும் வகுப்பறைக்குள் ஸ்டிக்கர் கொண்டுபோகத் தயங்குவார்.

லண்டனில் லூசி கூக், ஜேன் வார்டல் முதலியோர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இந்த முடிச்சை ஓரளவு அவிழ்த்தது. நான்கிலிருந்து ஆறு வயதுவரை உள்ள 422 பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் அவ்வளவாகப் பிடிக்காத ஒரு காய் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஒரு பிரிவினருக்குச் சுவைத்தால் ஸ்டிக்கர், இன்னொரு பிரிவினருக்குப் பாராட்டு, மூன்றாவது பிரிவினருக்கு வெறுமனே சுவைக்கும் வாய்ப்பு, நான்காவது பிரிவினருக்கு எதுவும் இல்லை. சுவைத்த மூன்று பிரிவினருக்குமே அந்தக் காய் முன்பைவிடப் பிடித்தது. ஸ்டிக்கர் வாங்கியவர்களுக்கு விருப்பம் குறையவில்லை. மூன்று மாதம் கழித்து எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தபோது, ஸ்டிக்கரும் பாராட்டும் பெற்றவர்களிடம் கூடிய அளவு அப்படியே நின்றிருந்தது. வெறுமனே சுவைத்தவர்களிடம் அது மங்கியிருந்தது.

அப்படியானால் 1973-இலும் 1984-இலும் வந்த முடிவுகள் பொய்யா? இல்லை. அங்கே பிள்ளைகள் ஏற்கெனவே விரும்பிச் செய்துகொண்டிருந்ததற்கு, அல்லது வெறுப்பில்லாமல் குடித்ததற்கு, மேலிருந்து வெகுமதி வந்தது. இங்கே பிள்ளை தொடவே மறுக்கும் காய். விருப்பம் இருக்கும் இடத்தில் பரிசு அதைக் கெடுக்கலாம். விருப்பமே இல்லாத இடத்தில் கெடுப்பதற்கு என்ன இருக்கிறது? மாம்பழத்துக்கு ஸ்டிக்கர் கொடுக்காதீர்கள், கீரைக்குக் கொடுங்கள் என்று இதை நடைமுறையில் வைத்துக்கொள்ளலாம்.

பரிசாக எது வருகிறது என்பதும் இதில் சேரும். கீரையைச் சாப்பிட்டால் சாக்லேட் என்று சொல்வது வீடுகளில் சகஜம். அங்கே பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றுதான்: கீரை என்பது தண்டனை, சாக்லேட் என்பது விடுதலை. பேங்கர் குழுவின் பரிசுகளில் தின்பண்டம் கிடையாது. எல்லாம் அந்த நாயகர்களின் அடையாளம் தாங்கியவை, மலிவானவை. வாங்கிய பிள்ளை நாயகர்களின் கூட்டத்தில் சேர்ந்துவிட்டதாக நினைத்தது. பரிசின் விலை குறைவு, அது தந்த பெருமை அதிகம்.

அளந்தபோது தெரிந்தவை

2004-இல் வெளிவந்த முதல் பெரிய பள்ளி ஆய்வில் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் மூன்று தொடக்கப் பள்ளிகளைச் சேர்ந்த 402 பிள்ளைகள் இருந்தார்கள், வயது 4 முதல் 11 வரை. கவனிப்பாளர்கள் மதிய உணவிலும் இடைவேளைத் தின்பண்ட நேரத்திலும் ஒவ்வொரு பிள்ளையும் எவ்வளவு சாப்பிட்டது என்று ஐந்து படி அளவுகோலில் குறித்தார்கள். அந்தக் கண்ணளவு சரியா என்று எடை போட்டும் சோதித்தார்கள். திட்டம் நடந்த நாட்களில் இரண்டு நேரமும் பழம், காய் உண்பது தெளிவாகக் கூடியது.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் சுவாரசியமாகப் பட்டது அதன் ஓரத்தில் கிடக்கும் ஒரு முடிவு. வீட்டில் என்ன சாப்பிட்டார்கள் என்று பெற்றோரிடமும் கேட்டிருந்தார்கள். வார நாட்களில் வீட்டிலும் கூடியிருந்தது. சனி, ஞாயிறுகளில் கூடவில்லை. பள்ளியில் கிளம்பிய வேகம் மாலைவரை வந்து சேர்கிறது, வாரக்கடைசியில் நின்றுவிடுகிறது. பழக்கம் என்பது பிள்ளையின் உள்ளே மட்டும் குடியிருப்பதில்லை, அன்றைய நாளின் ஒழுங்கோடும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடைப்பது கடினம்.

அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வு லண்டன் நகரத்தின் நெருக்கடியான பகுதியில் இரண்டு பள்ளிகளை எடுத்துக்கொண்டது. ஒன்றில் முழுத் திட்டம். மற்றதில் பழமும் காயும் மட்டும், கதையும் பரிசும் இல்லை. இந்த ஒப்பீடு இல்லாவிட்டால், பழம் இலவசமாகக் கிடைத்ததால்தான் சாப்பிட்டார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். திட்டம் நடந்த பள்ளியில் மதிய உணவின்போது உண்பது கூடியது. நான்கு மாதம் கழித்தும் அது தொடர்ந்தது. ஒப்பீட்டுப் பள்ளியில் அப்படி நிகழவில்லை. தட்டில் வைப்பது அவசியம்தான், ஆனால் வைத்தால் மட்டும் வாய்க்குப் போய்விடாது.

அயர்லாந்தின் டிபன் டப்பா

அயர்லாந்தில் நிலைமை வேறு. அங்கே அப்போது தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டிலிருந்து டப்பாவில் உணவு கொண்டுவந்தார்கள். ஆகவே பிள்ளை மனம் மாறினால் மட்டும் போதாது, டப்பா கட்டும் கை மாற வேண்டும். இரண்டு பள்ளிகளைச் சேர்ந்த 435 பிள்ளைகளிடம் நடந்து 2009-இல் வெளியான ஆய்வு அதைத்தான் அளந்தது. ஓராண்டு கழித்துத் திறந்து பார்த்தபோது, திட்டம் நடந்த பள்ளியில் பெற்றோர் வைத்து அனுப்பிய பழமும் காயும் கூடியிருந்தது, பிள்ளைகள் சாப்பிட்டதும் கூடியிருந்தது.

இதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: பெற்றோருக்கு அறிவுரைக் கூட்டம் போட்டு மாற்றிய மாற்றம் இல்லை இது. மாலையில் பிள்ளை வந்து ‘நாளைக்கு டப்பாவில் பழம் வை, வைக்காவிட்டால் எனக்குக் குறி போட மாட்டார்கள்’ என்று நச்சரித்திருக்கும். தின்பண்ட நிறுவனங்கள் டிவி விளம்பரத்தில் நம்பியிருப்பதும் இதே நச்சரிப்பைத்தான். கடையில் நின்று அழும் பிள்ளையை உருவாக்கத் தெரிந்தவர்களிடமிருந்து அந்த வித்தையை ஒருமுறை கடன் வாங்கியது தப்பில்லை.

2007 முதல் அயர்லாந்து இதை நாடு முழுவதும் கொண்டுபோனது. நடத்தும் பொறுப்பை ஏற்றது போர்ட் பியா, அதாவது அயர்லாந்து விளைபொருட்களைச் சந்தைப்படுத்தும் அரசு அமைப்பு. வேளாண் துறையும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பள்ளிப் பழத் திட்டமும் பணம் தந்தன. சுகாதாரத் துறை இல்லாமல் வேளாண் துறை இதைத் தூக்கிச் சுமந்ததில் சிலருக்கு நெருடல் இருக்கலாம். பழம் விற்க வேண்டியவருக்கும் பிள்ளை பழம் தின்ன வேண்டும் என்று விரும்புபவருக்கும் நலன் ஒன்றாக அமைந்த அபூர்வமான இடம் இது. திட்டம் இத்தனை ஆண்டு ஓடியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

ஓராண்டில் கரைந்த பலன்

இதுவரை சொன்ன ஃபூட் டூட்ஸ் பள்ளி ஆய்வுகள் எல்லாம் திட்டத்தை உருவாக்கியவர்களே நடத்தியவை. வெளியார் பார்த்தால்? இங்கிலாந்தின் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் பகுதியில் 15 பள்ளிகளின் 2,433 பிள்ளைகளை வைத்து டொமினிக் அப்டனும் உடன் ஆய்வாளர்களும் செய்த மதிப்பீடு 2013-இல் வந்தது. மூன்று மாதத்தில் முன்னேற்றம் இருந்தது, அதுவும் பள்ளி உணவு சாப்பிட்ட பிள்ளைகளிடம் மட்டும். வீட்டு டப்பா கொண்டுவந்தவர்களிடம் இல்லை. பன்னிரண்டாம் மாதத்தில் அந்த முன்னேற்றமும் நிற்கவில்லை.

அயர்லாந்தில் டப்பாவே மாறியது, இங்கே டப்பா மாறவில்லை. ஏன்? ஆய்வாளர்களே பள்ளியில் நின்று நடத்தும்போது கடிதம் தவறாமல் படிக்கப்படும், ஸ்டிக்கர் சரியான நொடியில் ஒட்டப்படும், இரண்டாம் கட்டம் நழுவாது. பல பள்ளிகளில் ஏற்கெனவே வேலைப் பளுவில் இருக்கும் ஆசிரியர்கள் நடத்தும்போது முதலில் நழுவுவது இரண்டாம் கட்டம்தான். முதல் 16 நாள் திருவிழா, எல்லோருக்கும் பிடிக்கும். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் வரைபடம் நிரப்புவது யாருக்கும் பிடிக்காத வேலை. பழக்கம் வேரூன்ற வேண்டியதோ அந்தக் காலத்தில்தான். இந்த மதிப்பீட்டைத் திட்டத்தின் தோல்வி என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அது, பரவலாக்கும்போது எந்த மூட்டு முதலில் கழலும் என்று காட்டிய ஆய்வு.

திரைக்குள்ளேயே நடந்த ஒரு முயற்சி

இடையே ஒரு ஒப்பீடு. அமெரிக்காவின் ஹூஸ்டனில் பேய்லர் மருத்துவக் கல்லூரியின் டாம் பரனோவ்ஸ்கி குழு ‘ஸ்குவயர்ஸ் குவெஸ்ட்’ என்ற கணினி விளையாட்டை உருவாக்கி 2003-இல் முடிவுகளை வெளியிட்டது. 26 பள்ளிகளின் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 1,578 பேர். ஐந்து வாரத்தில் பத்து அமர்வு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 25 நிமிடம். பிள்ளை ஒரு வீரனாகும் பயிற்சியில் இருக்கிறது. அரசனுக்கும் அவையோருக்கும் தெம்பு தர மெய்நிகர் அடுக்களையில் பழம், காய் உணவு சமைக்க வேண்டும். அடுத்த அமர்வுக்குள் நிஜ வாழ்வில் இதைச் சாப்பிடுவேன் என்று இலக்கும் வைக்க வேண்டும். முடிவில் நாளொன்றுக்கு ஒரு பங்கு பழம், சாறு அல்லது காய் கூடியது.

நல்ல முடிவுதான். ஆனால் இங்கே சாப்பிட்டதை யாரும் எடை போடவில்லை, பிள்ளைகளே நினைவிலிருந்து சொன்னார்கள். விளையாட்டு முழுக்க முழுக்கப் பழம் தின்பதைப் பற்றியது என்றால், என்ன பதில் சொன்னால் நன்றாக இருக்கும் என்று ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தெரியாதா? முடிவு தவறு என்று நான் சொல்லவில்லை. அளவுகோல் கொஞ்சம் இளகலானது.

இன்னொரு பக்கம், விளையாட்டின் பலத்தைப் பள்ளிகளைவிடத் தின்பண்டக் கம்பெனிகள் நன்றாகவே அறிந்திருந்தன. ஜெனரல் மில்ஸ் என்ற அமெரிக்க உணவு நிறுவனம் 2004-இல் ‘மில்ஸ்பெர்ரி’ என்ற இணைய விளையாட்டு ஊரையே பிள்ளைகளுக்காகக் கட்டியது. 2010 வரை அது ஓடியது. இனிப்பூட்டிய காலைத் தானிய உணவு விற்பவர் ஆண்டுக்கணக்கில் பிள்ளையோடு விளையாடுவார். பள்ளி ஐந்து வாரம் விளையாடும்.

யூட்டாவில் பரிசு கதைக்குள் போனது

யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் கிரெகரி மேடன், சத்துணவுத் துறையின் ஹைடி வெங்ரீன், புரூக் ஜோன்ஸ் முதலியோர் ஃபூட் டூட்ஸை அமெரிக்கப் பள்ளி உணவுக்கூடத்தில் சோதித்தார்கள். தட்டை முன்னும் பின்னும் படம் எடுத்தார்கள். உள்ளங்கையில் ஒளி பாய்ச்சித் தோலில் உள்ள கரோட்டினாய்டு (பழம், காய்களிலிருந்து உடலில் சேரும் நிறமி) அளவைக் காட்டும் கருவியையும் இந்தக் குழு பயன்படுத்தியது. பிள்ளை பொய் சொல்லலாம், தோல் சொல்லாது. ஆறு பள்ளிகளில் நடந்த பெரிய சோதனையில் சிலவற்றுக்குப் பொருள் பரிசு, சிலவற்றுக்குப் பாராட்டு மட்டும், மற்றவற்றுக்கு எதுவும் இல்லை. திட்டம் நடந்தபோது பரிசும் பாராட்டும் இரண்டுமே பலன் தந்தன. ஆறு மாதம் கழித்து ஒப்பீட்டுப் பள்ளிகளைவிட அதிகம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பொருள் பரிசு பெற்ற பள்ளிகளின் பிள்ளைகள் மட்டுமே.

ஆக, பரிசு வேண்டும். ஆனால் பரிசு வாங்கப் பணம் வேண்டும், தினமும் யார் சாப்பிட்டார் என்று பார்த்துக் கொடுக்க ஆள் வேண்டும். சாதாரண அரசுப் பள்ளி இதை எத்தனை நாள் தாங்கும்? இந்த இடத்தில் யூட்டா குழு செய்தது புத்திசாலித்தனமான வேலை. பரிசைப் பிள்ளையின் கையிலிருந்து எடுத்துக் கதைக்குள் வைத்துவிட்டது.

‘ஃபிட் கேம்’ என்று பெயர். ஃபிட் என்ற நாயகர் படை, காய்கறிகளை ஒழிக்கக் கிளம்பிய வேட் என்ற கும்பலைத் துரத்துகிறது. ஆசிரியர் தினமும் சில நிமிடம் கதையின் ஒரு பகுதியைப் படிப்பார். கதை முன்னே நகர வேண்டுமானால் முழுப் பள்ளியும் சேர்ந்து அன்றைய பழ இலக்கையோ காய் இலக்கையோ எட்ட வேண்டும். எட்டினால் நாயகர்களுக்குக் கதைக்குள்ளேயே செல்லும் பணம் கிடைக்கும், அதில் அவர்கள் கருவிகள் வாங்குவார்கள். இலக்கும் வெளியிலிருந்து வந்து விழவில்லை. அந்தப் பள்ளி முன்பு சாப்பிட்ட அளவை வைத்தே, அதைவிடக் கொஞ்சம் மேலே வைக்கப்பட்டது. எட்டிவிடலாம் போலிருக்கிறதே என்று தோன்றும் உயரத்தில்.

அளந்த விதம்தான் அழகு. பரிமாறியது எவ்வளவு, குப்பைத் தொட்டியில் விழுந்தது எவ்வளவு என்று எடை போட்டுக் கழித்தார்கள். எந்தப் பிள்ளை சாப்பிட்டது, எது சாப்பிடவில்லை என்று யாருக்கும் தெரியாது. கேலி இல்லை, ‘உன்னால்தான் தோற்றோம்’ இல்லை. குண்டான பிள்ளையை வகுப்பு முன்னால் நிறுத்தாமல் உணவைப் பற்றிப் பேசுவது எவ்வளவு கடினம் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். இந்த முறை அந்தச் சிக்கலை வடிவமைப்பிலேயே தவிர்த்துவிட்டது. 2014-இல் வெளியான ஆய்வில் ஒரு பள்ளியில் பழத்தைக் குறிவைத்த நாட்களில் உண்பது 39 சதவீதமும் காயைக் குறிவைத்த நாட்களில் 33 சதவீதமும் கூடியது. நடத்துவது எளிதாக இருந்தது, மற்றவர்களுக்கும் பரிந்துரைப்போம் என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். ஆயினும் தினமும் சில நிமிடம் என்பதும் நேரம்தானே. பிந்தைய ஒரு பதிப்பில் அந்தச் சுமையையும் எடுத்துவிட்டார்கள்: கதை காமிக்ஸ் பக்கங்களாக உணவுக்கூடத்திலேயே காட்டப்பட்டது. வேல்ஸில் வீடியோ, கடிதம், பொருள் பரிசு என்று தொடங்கியது, இருபது ஆண்டுக்குள் ஒரு காமிக்ஸும் ஒரு தராசுமாகச் சுருங்கிவிட்டது. வேலை செய்யும் எலும்பு எது, அலங்காரச் சதை எது என்று இதில் தெரிகிறது.

இங்கே வரும் சர்க்கரைப் பலகைகள்

2025 மே மாதம் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளில் ‘சர்க்கரைப் பலகை’ வைக்கச் சொன்னது. பிள்ளைகளிடம் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் கூடிவருவது காரணமாகச் சொல்லப்பட்டது. நாளொன்றுக்கு எவ்வளவு சர்க்கரை போதும், குளிர்பானத்திலும் நொறுக்குத்தீனியிலும் எவ்வளவு இருக்கிறது, மாற்றாக என்ன சாப்பிடலாம் என்பதெல்லாம் பலகையில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டிலும் அந்த வாரியத்தின் பள்ளிகளில் இவை தொங்குகின்றன. நல்ல நோக்கம். குளிர்பானத்தில் உள்ள சர்க்கரையை ஸ்பூன் கணக்கில் கண்ணாடி டம்ளரில் கொட்டிக் காட்டினால் ஒரு நிமிடம் எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். ஆனால் வாய் பிளந்தவர்கள் மறுநாள் இடைவேளையில் என்ன குடித்தார்கள் என்பதைப் பலகை சொல்லாது.

சுற்றறிக்கை பலகையோடு கருத்தரங்கு, பயிலரங்கும் நடத்தச் சொன்னது. செய்ததைச் சிறு அறிக்கையாக, படங்களோடு பதிவேற்றவும் சொன்னது. அந்தப் படங்களில் பலகை தெரியும், அதைச் சுட்டிக்காட்டும் ஆசிரியை தெரிவார், வரிசையாக நிற்கும் பிள்ளைகள் தெரிவார்கள். தெரியாமல் போவது டிபன் டப்பாவின் உள்பக்கம். ஒரு பள்ளி நினைத்தால் இதைத் தானாகவே செய்துகொள்ளலாம்: பலகை மாட்டுவதற்கு முன் ஒரு வாரம், பெயர் குறிக்காமல், வகுப்புவாரியாக இடைவேளையில் வந்த பிஸ்கட், சிப்ஸ், பழம், சுண்டல், கடலை எத்தனை என்று எண்ணுவது. பிறகு பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாத ஒரு பழத்தையோ காயையோ தேர்ந்து, கதையோடும் சின்னப் பரிசோடும் பதினைந்து நாள் தொடர்ந்து சுவைக்க வைப்பது. நான்காம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் அதே எண்ணிக்கையைத் திரும்ப எடுப்பது. செலவு அதிகமில்லை. பன்னிரண்டாம் மாதத்தில் எண்ணப்போவது யார் என்பதை முதல் நாளே முடிவு செய்து, அந்த ஆசிரியருக்கு வாரத்தில் ஒரு பாடவேளையை ஒதுக்கிக் கொடுத்துவிட வேண்டும்.